ரோமன்-டச்சுச் சட்டம்: கடலூர், புதுச்சேரியிலிருந்து கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் இரண்டு தரப்பினருக்காக எழுதப்பட்டது. இலங்கையில் நிலமோ நெருங்கிய உறவோ உள்ள குடும்பங்கள் ஒரு தரப்பு. சட்டம் படிக்கும் மாணவர்கள் மறு தரப்பு. பிரெஞ்சுச் சட்டத்தின் தடம் இன்னும் அழியாத புதுச்சேரியிலும், டச்சுக்காரர்கள் பண்டகசாலை வைத்திருந்த கடலூர்க் கரையிலும் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் அந்நியமானதல்ல என்பதே எங்கள் கருத்து.

ரோமன்-டச்சுச் சட்டம் என்பது என்ன?

15ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஹாலந்து மாகாணத்தில் நடைமுறையில் இருந்த சட்டம் அது. ஊர் வழக்கங்கள், அரசர்களும் மாகாண சபையும் இட்ட ஆணைகள், அவை மௌனமாக இருந்த இடங்களை நிரப்பிய ரோமானியச் சட்டம் ஆகிய மூன்றும் கலந்தது. 1652இலும் 1664இலும் எழுதிய நூல்களில் சிமோன் வான் லேவன் என்ற வழக்கறிஞர் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார்.

பிறந்த நாட்டில் இன்று இது இல்லை. நெப்போலியனின் தம்பி லூயி ஹாலந்தின் மன்னராக இருந்தபோது, 1809இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பைத் தழுவிய ஒரு தொகுப்பு இதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் அதற்கு முன்பே தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியையும் இலங்கையையும் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்தார்கள். அங்கிருந்த சட்டத்தை அப்படியே தொடர விட்டார்கள். அதனால்தான் தாய்நாட்டில் போனது கடல் கடந்த இடங்களில் நின்றது.

ரோமாபுரியின் சட்டம் ஆயிரம் ஆண்டு கழித்து ஹாலந்துக்கு எப்படிப் போனது?

படையெடுப்பால் அல்ல, பல்கலைக்கழகங்கள் வழியாக. பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில், ட்ரிபோனியன் தலைமையிலான குழு பழைய சட்ட அறிஞர்களின் எழுத்துகளிலிருந்து பொறுக்கி எடுத்த பகுதிகளை 50 புத்தகங்களாகத் தொகுத்து 533இல் வெளியிட்டது. அதன் பெயர் டைஜஸ்ட். மாணவர்களுக்கான பாடநூலாக இன்ஸ்டிட்யூட்ஸ் அதே ஆண்டில் வந்தது. பேரரசர்களின் ஆணைகள் கோட் என்ற தொகுப்பில் சேர்ந்தன.

மேற்கு ஐரோப்பா டைஜஸ்டைப் பல நூற்றாண்டுகள் மறந்தே போனது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் போலோன்யாவில் அதை வரிக்கு வரி படிக்கத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர்கள் ஓரக்குறிப்பு எழுதினார்கள். 14ஆம் நூற்றாண்டில் பார்த்தோலஸ் போன்றவர்கள், நகரச் சட்டமும் ரோமானியச் சட்டமும் முரண்பட்டால் எப்படித் தீர்ப்பது என்று யோசித்தார்கள். இந்த இரண்டாவது வேலைதான் ரோமானியச் சட்டத்தை நீதிமன்றத்துக்குப் பயன்படும்படி ஆக்கியது.

டச்சுப் பகுதி இளைஞர்கள் இத்தாலிக்கும் பிரான்சுக்கும், 1425இல் தொடங்கிய லூவன் பல்கலைக்கழகத்துக்கும், 1575க்குப் பிறகு லைடனுக்கும் சென்று படித்து நீதிபதிகளாகத் திரும்பினார்கள். ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபட்டது. வழக்கங்களை எழுதித் தரும்படி பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1531இல் ஆணையிட்டும், ஹாலந்து மாகாணத்தில் பெரும்பகுதி எழுதப்படவே இல்லை. எழுத்தில் இல்லாத வழக்கத்தை நிரூபிப்பது கடினம். டைஜஸ்டிலோ எந்தக் கேள்விக்கும் ஏதோ ஒரு பதில் இருந்தது. இடைவெளி எங்கே இருந்ததோ அங்கே ரோமானியச் சட்டம் புகுந்தது.

இதற்கென்று ஒரே சட்டப் புத்தகம் உண்டா?

கிடையாது. இந்திய ஒப்பந்தச் சட்டம்போலப் பிரிவு எண் சொல்லி முடிக்க முடியாது. அறிஞர்களின் நூல்களே ஆதாரம்: குரோஷியஸின் ஹாலந்துச் சட்ட அறிமுகம் (1631), ரோமானிய விதிகளில் எவை ஹாலந்தில் வழக்கொழிந்தவை என்று பட்டியலிட்ட க்ரோனவேகனின் நூல் (1649), வான் லேவன் (1664), ஜோஹான்னஸ் வூட் டைஜஸ்டுக்கு எழுதிய இரு தொகுதி உரை (1698, 1704), வான் டெர் லிண்டனின் வணிகர் கையேடு (1806). இவற்றில் நீதிமன்றங்கள் மிக அதிகமாக எடுத்துப் பார்ப்பது வூட்டைத்தான். மாணவர்கள் அடிக்கடி தவறவிடுவது க்ரோனவேகனை. டைஜஸ்டில் ஒரு விதி இருக்கிறது என்பது மட்டும் போதாது. அது ஹாலந்தில் ஏற்கப்பட்டதா என்பதையும் காட்ட வேண்டும்.

குரோஷியஸ் யார்? அவரை ஏன் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள்?

ஹ்யூகோ குரோஷியஸ் 1583இல் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். மதமும் அரசியலும் கலந்த ஒரு பூசலில் தோற்ற தரப்பில் நின்றதால் 1619இல் ஆயுள் தண்டனை பெற்று லோவஸ்டைன் கோட்டையில் அடைக்கப்பட்டார். அங்கேதான் ஹாலந்துச் சட்ட அறிமுகத்தை எழுதினார்; அதுவும் லத்தீனில் அல்ல, மக்கள் பேசிய டச்சு மொழியில். 1621 மார்ச்சில் மனைவி மரியாவின் ஏற்பாட்டில், புத்தகங்கள் வந்துபோகும் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். போரும் அமைதியும் பற்றிய அவரது பெரிய நூல் 1625இல் பாரிசில் வெளிவந்தது.

அவர் செய்தது ஒழுங்குபடுத்தும் வேலை. சிதறிக் கிடந்த ஊர் வழக்கத்தையும் ரோமானிய விதியையும் மனிதர்கள், பொருள்கள்மீதான உரிமை, கடப்பாடு என்று ஒரே சட்டகத்தில் வைத்தார். ஒவ்வொரு விதிக்கும் 'ஏன்' என்ற கேள்வியைக் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தச் சட்டத்துக்குத் தத்துவத்தைக் கொடுத்தது.

அந்தத் தத்துவம் என்ன? எளிமையாகச் சொல்ல முடியுமா?

மூன்று அடுக்குகளாகப் பார்க்கலாம்.

அடியில் இருப்பது ரோமானிய அறிஞர் உல்பியன் சொன்ன மூன்று கட்டளைகள்: நேர்மையாக வாழ், பிறருக்குத் தீங்கு செய்யாதே, அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடு. இவை அறவுரை மட்டுமல்ல. இரண்டாவதிலிருந்து இழப்பீட்டுச் சட்டமும், மூன்றாவதிலிருந்து சொத்துச் சட்டமும் கிளைக்கின்றன.

அதற்கு மேல் இயற்கைச் சட்டக் கருத்து. மனிதன் தனியே வாழ முடியாதவன். கூடி வாழும் இயல்பும் பகுத்தறிவும் உடையவன். ஆகவே, கூடி வாழ்வதற்கு எது தேவையோ அதுவே சட்டம் என்பது ஸ்டோயிக்குகள் என்ற கிரேக்கத் தத்துவ அறிஞர்களிடமிருந்து ரோமானியர் சிசரோ வழியாக வந்த எண்ணம். குரோஷியஸ் இதை இன்னும் ஓரடி முன்னே கொண்டுபோனார். கடவுள் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் இந்த விதிகள் நிற்கும் என்று 1625 நூலின் முன்னுரையில் எழுதினார். அப்படி நினைப்பதே பெரும் பாவம் என்றும் அதே இடத்தில் சேர்த்தார். அவர் ஆழ்ந்த நம்பிக்கையாளர். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட காலத்தில் இரு தரப்பும் ஏற்கக்கூடிய ஓர் அடித்தளத்தைத் தேடினார் என்பதே அந்த வரியின் பொருள். அவரை நாத்திகராக்கும் விளக்கங்கள் முன்னுரையின் பாதியை மட்டும் படித்தவை.

மூன்றாவது, சொன்ன சொல்லைக் காக்கும் கடமை. பழைய ரோமானியச் சட்டத்தில் வெறும் வாக்குறுதிக்கு நீதிமன்றம் துணை நிற்காது. குறிப்பிட்ட வடிவம் வேண்டும். திருச்சபைச் சட்டம் 13ஆம் நூற்றாண்டில் அதை மாற்றி, வெற்று ஒப்பந்தமும் காக்கப்பட வேண்டும் என்றது. டச்சு அறிஞர்கள் இதை முழுமையாக ஏற்றார்கள். நடைமுறையில் இதன் விளைவு பெரிது; கீழே ஒப்பந்தம் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

டச்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரியிலும் இருந்தார்களே, இங்கே ஏன் இந்தச் சட்டம் தங்கவில்லை?

இருந்தார்கள் என்பது உண்மை. 17ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு தேவனாம்பட்டினத்தில் வணிகம் தொடங்கினார்கள். பரங்கிப்பேட்டையிலும் பண்டகசாலை இருந்தது. தேவனாம்பட்டினக் கோட்டையை 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து வாங்கினார்கள். 1693இல் டச்சுப் படை புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்து, ரைஸ்விக் உடன்படிக்கையின்படி 1699இல் திருப்பிக் கொடுத்தது. புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களுக்கான வரைபடம் அந்த ஆறு ஆண்டுக் காலத்தைச் சேர்ந்தது.

ஆனால் பண்டகசாலை வேறு, ஆட்சி வேறு. சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதி பெரும்பாலும் அதன் ஊழியர்களுக்கும் கோட்டைச் சுவருக்குள் இருந்தவர்களுக்கும்தான். வெளியே ஊர் வழக்கமும் நாயக்கர், மராத்தியர், நவாபு அதிகாரிகளின் நீதியும் நடந்தன. 1658 முதல் டச்சுக்காரரிடம் இருந்த நாகப்பட்டினம் 1781இல் ஆங்கிலேயரிடம் போனது. எஞ்சியிருந்த பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் போன்றவற்றை 1824 உடன்படிக்கை ஆங்கிலேயருக்குக் கொடுத்தது. இலங்கையில் நிலைமை வேறு. கொழும்பு 1656, யாழ்ப்பாணம் 1658 முதல் கரையோரம் முழுவதும் நிலவரி, தோம்பு என்ற நிலப் பதிவேடு, நீதிமன்றம் எல்லாம் கம்பெனியின் கையில் இருந்தன. ஆட்சி மாறியபோது ஆங்கில ஆளுநர் 1799 செப்டம்பர் 23ஆம் தேதிப் பிரகடனத்தில் பழைய சட்டமே தொடரும் என்று அறிவித்தார்.

புதுச்சேரியின் பிரெஞ்சுச் சட்டமும் இதுவும் ஒரே குடும்பமா?

ஆம். இரண்டுக்கும் தாய் ரோமானியச் சட்டம். பிரான்சில் அது 1804இல் சிவில் கோட் என்று தொகுக்கப்பட்டது. 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணை பிரெஞ்சுத் தொகுப்புகளைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தது. உள்ளூர் மக்களின் சாதி, சமய வழக்கங்களை அந்த ஆணை விட்டுவைத்தது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையின்படி விரும்பியவர்கள் தங்கள் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம் என்றானது. இன்றும் இந்து திருமணச் சட்டம், வாரிசுரிமைச் சட்டம் போன்றவை அப்படித் துறந்த ரெனோன்சான் குடும்பங்களுக்குப் பொருந்தாது என்ற விலக்கு இருக்கிறது.

குடும்பம் ஒன்று என்பதால் விதிகள் ஒன்றாகிவிடாது. மூன்று இடங்களில் வேறுபாடு கண்ணில் படும்படி இருக்கிறது.

நிலம் விற்பனை: சிவில் கோட்டில் பொருளும் விலையும் ஒப்புக்கொள்ளப்பட்ட நிமிடமே உரிமை வாங்குபவருக்குப் போகிறது. ரோமன்-டச்சில் விற்பனை ஒப்பந்தம் உரிமையை மாற்றாது. ஒப்படைப்பு தனியாக வேண்டும். ஹாலந்தில் நிலத்தை ஊர் நீதிமன்றத்தின் முன் எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது ஐந்தாம் சார்லஸின் 1529 ஆணை.

உயில்: சிவில் கோட்டில் ஒரு பிள்ளை இருந்தால் பாதியை, இரண்டு இருந்தால் மூன்றில் ஒன்றை, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நான்கில் ஒன்றை மட்டுமே விருப்பப்படி எழுதலாம். மீதி பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. இலங்கையில் 1844ஆம் ஆண்டின் 21ஆம் எண் சட்டம் அத்தகைய கட்டாயப் பங்கை நீக்கிவிட்டது.

அநியாய விலை: கீழே தனியாக இருக்கிறது.

இலங்கைத் தமிழர் எல்லோருக்கும் தேசவழமைதானே? ரோமன்-டச்சு எங்கே வருகிறது?

இந்தக் கேள்வியில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழர்களின் சட்டம். ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து 1707இல் கொடுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்தார்கள். 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதி அதற்குச் சட்ட வலு தந்தது. மட்டக்களப்புத் தமிழரோ மலையகத் தமிழரோ கொழும்பிலேயே தலைமுறையாக வாழும் தமிழரோ இதன்கீழ் வருவதில்லை. அவர்களுக்கு நாட்டின் பொதுச் சட்டம், அதாவது எழுதப்பட்ட சட்டங்களும் அவற்றுக்கு அடியில் ரோமன்-டச்சும் பொருந்தும். யாழ்ப்பாணத்தவருக்கும் தேசவழமை பேசாத இடத்தில் ரோமன்-டச்சுதான்.

பொதுச் சட்டத்தின்கீழ் உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் எண் சட்டப்படி உயிரோடு இருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ பாதி. மீதி வாரிசுகளுக்கு. அந்தச் சட்டம் சொல்லாத இடத்தில் வட ஹாலந்தின் விதியைப் பார்க்கும்படி அதிலேயே எழுதியிருக்கிறது. ஹாலந்தில் இரண்டு முறைகள் இருந்தன: வடக்கில் நெருங்கிய இரத்த உறவுக்குச் சொத்து, தெற்கில் சொத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்துக்கே திரும்ப வேண்டும்.

தேசவழமையில் முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (திருமண வாழ்வில் ஈட்டியது) என்று சொத்து பிரிக்கப்படுகிறது. பிள்ளையில்லாமல் இறந்தால் முதுசம் வந்த வழியே திரும்பும். இது தென் ஹாலந்தின் முறைக்கு வியக்கும்படி நெருக்கமானது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததல்ல. நிலத்தைக் குடும்பக் கிளையின் உடைமையாகக் கருதிய இரண்டு சமூகங்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

கடலூரில் இருந்துகொண்டே யாழ்ப்பாணத்தில் உள்ள நிலத்தை விற்க முடியுமா?

முடியும், ஆனால் இங்குள்ள முத்திரைத்தாளில், இங்குள்ள நோட்டரி முன் எழுதிக்கொடுத்தால் உரிமை மாறாது. நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே நிலத்தை ஆளும். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் எண் சட்டப்படி நிலம் பற்றிய உறுதியை (பத்திரத்தை) இலங்கை உரிமம் பெற்ற நொத்தாரிசும் (நோட்டரியும்) இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருந்து கையொப்பமிட வேண்டும். நடைமுறை இப்படிப் போகும்:

முதலில் பழைய உறுதியையும் காணிப் பதிவகத்தின் பதிவுப் பக்கங்களையும் எடுங்கள். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடுவது வழக்கம். நிலம் பெற்றோர் பெயரில் இருந்து, அதன் மதிப்பு சட்டம் வைத்த அளவைத் தாண்டினால், மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கை (இறந்தவர் சொத்தை வாரிசுகளுக்குத் தீர்க்கும் வழக்கை) முடிக்காமல் விற்க முடியாது. பிறகு சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அற்றோர்ணி தத்துவம் (பவர் பத்திரம்) எழுதிக் கையொப்பமிட்டு, அதை இலங்கையில் பதிவுசெய்ய வேண்டும். அதில் நிலத்தின் பெயர், பரப்பு, நான்கெல்லை எல்லாம் பழைய உறுதியில் இருப்பதுபோலவே இருக்கட்டும். 'என் சொத்துகள் அனைத்தும்' என்று பொதுவாக எழுதிய தத்துவத்தைப் பல நொத்தாரிசுகள் ஏற்கத் தயங்குவார்கள். கடைசியாக, நியமிக்கப்பட்டவர் அங்கே உறுதியில் கையொப்பமிட, அது பதிவகத்துக்குப் போகும்.

தவறு நேரும் இடங்கள் நாலைந்து உண்டு. பதிவு தாமதமானால், பின்னால் எழுதப்பட்டு முன்னால் பதிவான உறுதி உங்கள் உறுதியை முந்திவிடலாம். தேசவழமையின்கீழ் வரும் மனைவி தன் நிலத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும்; கணவன் மறுத்தாலோ காணாமற்போயிருந்தாலோ நீதிமன்ற அனுமதி பெறலாம். பங்கு நிலமானால் பங்காளிகளுக்கும் வாரிசாக வரக்கூடியவர்களுக்கும் முன்கொள்வனவு உரிமை (மற்றவருக்கு முன் வாங்கும் உரிமை) உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் விற்றால் விற்பனையை வழக்கில் இழுப்பார்கள். இந்தியக் குடியுரிமை பெற்ற உறவினருக்கு விற்க நினைத்தால், வெளிநாட்டவருக்கு நிலம் மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் எண் சட்டம் குறுக்கே நிற்கும். வாரிசுரிமையாக வருவது வேறு. பாஸ்போர்ட்டிலும் உறுதியிலும் பெயர் வேறு வேறாக இருப்பதும் சிறிய விஷயமல்ல. ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி (பிரமாணப் பத்திரம்) தயாராக வைத்திருங்கள்.

போரின்போது விட்டுவந்த நிலத்தில் வேறொருவர் குடியிருக்கிறார். உரிமை போய்விட்டதா?

காலத்தைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். உரிமையாளருக்கு எதிராக இடையறாமல் நிலத்தை வைத்திருப்பவருக்கு உரிமை கனியும் காலம் பழைய ஹாலந்தில் ஒரு நூற்றாண்டின் மூன்றில் ஒரு பங்கு. இலங்கையில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் எண் சட்டப்படி அது பத்தே ஆண்டு. இந்தியாவில் 12 ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் 30. பத்து ஆண்டு என்பது போரில் இடம்பெயர்ந்தவர்களுக்குக் கொடிய விதி. அதனால் 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது: ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. அந்தச் சலுகையின்கீழ் வழக்குத் தொடுப்பதற்கே ஒரு காலவரம்பு உண்டு. இலங்கை வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அனுமதியோடு குடியிருப்பவருக்கும் வாடகை கொடுப்பவருக்கும் இந்த உரிமை கனியாது. அவர் எழுதிய பழைய கடிதமோ வாடகைச் சீட்டோ இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

உயிலுக்கு எத்தனை சாட்சிகள்?

இங்கே இரண்டு. இலங்கை நிலத்துக்கு, நொத்தாரிசு முன் எழுதினால் அவரோடு இரண்டு சாட்சிகள்; நொத்தாரிசு இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் கூடியிருக்கும் ஐந்து சாட்சிகள். இந்திய முறைப்படி இரண்டு பேரை மட்டும் வைத்து எழுதிய உயில் அங்குள்ள நிலத்துக்குச் செல்லாமல் போகும் ஆபத்து பெரிது. இரு நாட்டிலும் சொத்துள்ளவர்கள் தனித்தனி உயில் எழுதுவது நல்லது. ஆனால் பின்னால் எழுதும் உயிலில் 'இதற்கு முந்திய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்' என்ற வழக்கமான வரியைச் சேர்த்துவிடாதீர்கள். மற்ற நாட்டு உயிலும் அதோடு போய்விடும்.

பதிலுக்கு எதுவும் வாங்காமல் கொடுத்த வாக்குறுதி செல்லுமா?

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது. நெருங்கிய உறவினருக்கு அன்பின் பேரில் எழுதிப் பதிவுசெய்தது, முன்பு தானாகச் செய்த உதவிக்கு ஈடு தருவதாகச் சொன்னது, காலங்கடந்த கடனைக் கட்டுவதாக எழுதிக் கையொப்பமிட்டது ஆகியவை விலக்கு. ரோமன்-டச்சில் பிரதிபலன் தேவையே இல்லை. உண்மையான எண்ணத்தோடு, நியாயமான காரணத்துக்காகத் தந்த வாக்கு போதும். தார்மிகக் கடமையைத் தீர்க்கத் தந்த வாக்குறுதியும் கட்டுப்படுத்தும் என்று 1918இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய என்ற இலங்கை வழக்கில், லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஏற்றது. மறு ஆண்டே தென்னாப்பிரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. சொல் காக்கும் கடமை என்று மேலே சொன்ன தத்துவம் நீதிமன்றத்தில் பணமாக மாறும் இடம் இது.

பாதி விலைக்கும் குறைவாக விற்றால் திரும்பப் பெறலாமா?

கோட் தொகுப்பில் இருக்கும் பழைய விதி: விலை உண்மை மதிப்பின் பாதிக்கும் கீழே போனால், நிலத்தை விற்றவர் விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். வாங்கியவர் குறையும் தொகையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு சிவில் கோட் இதைச் சற்று இறுக்கி, பன்னிரண்டில் ஏழு பங்குக்கு மேல் நட்டம் என்று வைத்தது; வழக்குப் போட இரண்டு ஆண்டு. 12 லட்சம் பெறும் மனையை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானிய விதிப்படி 6 லட்சத்துக்குக் கீழே விற்றிருக்க வேண்டும், பிரெஞ்சு விதிப்படி 5 லட்சத்துக்குக் கீழே. மதிப்பு என்பது விற்ற நாளின் மதிப்பு. பிறகு ஏறிய விலை கணக்கில் வராது. பெரும்பாலான கோரிக்கைகள் இதில்தான் விழும். இந்த விதியை இலங்கை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. தென்னாப்பிரிக்கா 1952இல் சட்டமியற்றி நீக்கியது. நெருக்கடியில் நிலத்தை விற்பவர்களைப் பார்த்தவர்களுக்கு, நீக்கியது சரியென்று தோன்றாது.

ஒருவர் செய்த தீங்குக்கு இழப்பீடு எப்படி முடிவாகிறது?

ஆங்கிலச் சட்டம் தீங்குகளைத் தனித்தனிப் பெயரிட்டு வகைப்படுத்துகிறது. ரோமன்-டச்சு மூன்று பொது வழிகளை வைக்கிறது: பண நட்டத்துக்கு, கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 287 ஆண்டுகளுக்கு முன் ரோமில் வந்த அக்விலியச் சட்டத்தின் வழி; மானம், உடல், கண்ணியத்துக்கு நேர்ந்த அவமதிப்புக்கு மற்றொரு வழி; உடல் வேதனைக்கு மூன்றாவது வழி. மூன்றாவது ரோமிலிருந்து வந்ததல்ல, ஜெர்மானிய வழக்கத்திலிருந்து வந்தது. பண நட்டத்தில் செயல், அது சட்டவிரோதம், தவறு, காரணத் தொடர்பு, நட்டம் ஆகிய ஐந்தையும் நிரூபிக்க வேண்டும்.

டைஜஸ்ட் 9ஆம் புத்தகத்தில் உள்ள வழக்கு ஒன்று இன்றும் வகுப்பில் விவாதிக்கத் தகுந்தது. சிலர் பந்து விளையாடும் இடத்துக்கு அருகே நாவிதர் ஒருவர் நாற்காலி போட்டுச் சவரம் செய்கிறார். பந்து வேகமாக வந்து அவர் கையில் பட, கத்தி அடிமை ஒருவரின் கழுத்தை அறுத்துவிடுகிறது. பந்தடித்தவர் பொறுப்பா, நாவிதரா? எவரிடம் தவறு இருக்கிறதோ அவரே என்கிறார் ஒரு அறிஞர். நாவிதர் என்கிறார் இன்னொருவர். ஆபத்தான இடம் என்று தெரிந்தே உட்கார்ந்தவர் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்றும் உல்பியன் எழுதுகிறார். தவறு, காரணத் தொடர்பு, ஆபத்தைத் தானே ஏற்றல் என்ற மூன்று கருத்துகளும் இந்தச் சில வரிகளில் அடங்கிவிட்டன.

தவறே இல்லாமல் பொறுப்பாகும் இடமும் உண்டு. வளர்ப்பு விலங்கு தன் இனத்தின் சாதுவான இயல்புக்கு மாறாகப் பாய்ந்து கடித்தால் தென்னாப்பிரிக்காவில் உரிமையாளர் ஈடு தர வேண்டும். 1927இல் அங்குள்ள உச்ச மேல்முறையீட்டு அமைப்பு இதை உறுதிசெய்தது. கடிபட்டவர் சீண்டியிருந்தாலோ அனுமதியின்றி உள்ளே புகுந்திருந்தாலோ பொறுப்பு இல்லை. விலங்கையே ஒப்படைத்துத் தப்பும் பழைய வழி இன்று கிடையாது.

வீட்டை விற்றால் வாடகைக்காரர் வெளியேற வேண்டுமா?

வேண்டியதில்லை. ரோமானியச் சட்டம் புதிய உரிமையாளருக்குச் சாதகம். டச்சு வழக்கம் அதைத் தலைகீழாக்கி, வாடகை விற்பனைக்கு முந்தியது என்றது. வழக்கம் ரோமானிய விதியை வென்ற தெளிவான உதாரணம் இது.

இன்று எந்த நாடுகளில் இருக்கிறது?

இலங்கை, தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, லெசோத்தோ, எஸ்வாத்தினி. கயானாவில் 1917இல் பெரும்பகுதி நீங்கியது. நிலச் சட்டத்தில் மட்டும் எச்சம் உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் போய் இறங்கியவர்களின் வழிவந்தோரும் இந்தச் சட்டத்தின்கீழ்தான் வீடு வாங்கி விற்கிறார்கள்.

இவ்வளவு உயர்ந்த தத்துவம் அடிமை முறையை எப்படி அனுமதித்தது?

இதை மழுப்பக் கூடாது. அடிமை முறை இயற்கைக்கு எதிரானது என்று ஜஸ்டினியனின் பாடநூலே எழுதுகிறது. அடுத்த வரிகளில் அதற்கான விதிகளை விளக்குகிறது. நாவிதர் வழக்கில் இறந்தவர் அடிமை என்பதால்தான் அது பண நட்ட வழக்கு, நட்டம் எஜமானுக்கு. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி இந்தச் சோழமண்டலக் கரையிலேயே மனிதர்களை விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது. பஞ்ச ஆண்டுகளில் அது பெருகியது. பத்தாவியாவுக்காக 1642இல் தொகுத்த கம்பெனிச் சட்டங்கள் அடிமைகளை உடைமையாகவே நடத்தின.

குரோஷியஸ் 1609இல் வெளியிட்ட கடல் சுதந்திர நூலில், ஜாவா, இலங்கை, மொலுக்காஸ் மக்களுக்குத் தங்கள் அரசரும் தங்கள் சட்டமும் உண்டு, போர்த்துக்கீசியர் 'கண்டுபிடித்தோம்' என்று உரிமை கோர முடியாது என்று வாதிட்டார். வாதம் சரியானது. அதை எழுதவைத்தது கம்பெனியின் வணிக நலன். அதே கம்பெனி பிறகு அந்த மக்களைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. மனைவியின் சொத்தைக் கணவன் நிர்வகிக்கும் அதிகாரமும் இந்தச் சட்டத்தின் பகுதிதான். தென்னாப்பிரிக்காவில் அதன் கடைசி எச்சம் 1993இல்தான் நீங்கியது. இன்று அங்கே 1996 அரசியலமைப்பு எல்லாப் பழைய விதிகளுக்கும் மேலே நிற்கிறது; முரண்படும் பழைய விதியை நீதிமன்றம் மாற்றலாம், நீக்கலாம்.

ஒரு கேள்விக்கு விடை தேடும் வரிசை என்ன? 'வூட் 18.1.2' போன்ற குறிப்பை எப்படிப் படிப்பது?

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் அந்த நாட்டில் எழுதப்பட்ட சட்டம். அது பேசவில்லையென்றால் மேல் நீதிமன்றத் தீர்ப்புகள். தீர்ப்பும் இல்லையென்றால் பழைய அறிஞர்கள்: வூட், குரோஷியஸ், வான் லேவன், கூடவே க்ரோனவேகன். கடைசியில்தான் டைஜஸ்ட். இலங்கையில் ஒரு எச்சரிக்கை: கப்பல் போக்குவரத்து, உண்டியல் (பணம் மாற்றும் வணிகச் சீட்டு) போன்றவற்றுக்கு 1852ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. அங்கே வூட்டைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வூட் தன் உரையை டைஜஸ்டின் வரிசையிலேயே எழுதினார். 18.1.2 என்றால் டைஜஸ்டின் 18ஆம் புத்தகம், முதல் தலைப்பு, அதன்மீது அவரது இரண்டாவது பத்தி. ஆகவே டைஜஸ்டின் தலைப்பு எண் சில தெரிந்தாலே போதும்: விற்பனை 18.1, அக்விலியச் சட்டம் 9.2, வாடகையும் கூலியும் 19.2. துறைமுக ஊர்க்காரர்கள் 14.2ஐயும் பார்க்கலாம்: புயலில் கப்பலைக் காக்கச் சிலரது சரக்கைக் கடலில் எறிந்தால், பிழைத்த சரக்கின் உரிமையாளர்கள் எல்லோரும் அவரவர் மதிப்புக்கு ஏற்ப அந்த நட்டத்தைப் பகிர வேண்டும் என்ற ரோட்ஸ் தீவின் விதி அங்கே இருக்கிறது.